குக்குலுவா, தும்பாவா: தார் பாலையில் ஆய்வுக்கு எந்தச் செடி?

ஜோத்பூரில் முனைவர் பட்ட வேலையைத் தொடங்கியபோது இரண்டு செடிகளில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று மருந்துப் பிசின் தரும் சிறு மரமான குக்குலு, இன்னொன்று தும்பா. தும்பா என்பது அந்தப் பக்கத்துப் பெயர், நாம் பேய்க்குமட்டி, ஆற்றுத்தும்மட்டி என்று சொல்கிற அதே கொடிதான். ஆறு மாதம் குக்குலுவோடு மல்லுக்கட்டிவிட்டுத் தும்பாவுக்கு மாறினேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எருக்கும் பட்டியலில் இருந்தது. அதன் பாலில் உள்ள கலோட்ரோபின் வகைப் பொருள்கள் இதயத்தைத் தாக்குபவை, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதை விட்டுவிட்டேன்.

பெயரும் புகழும் குக்குலுவுக்குத்தான். 1966இல் ஜி.வி. சத்யவதி காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுதான் தொடக்கம். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை உடற்பருமனைப் பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கொழுப்பு ஊட்டிய முயல்களுக்குக் குக்குலுப் பிசினைக் கொடுத்து, இரத்தக் கொழுப்பு குறைவதைப் பார்த்தார். பிறகு அதன் செயற்பொருளாக குக்குல்ஸ்டீரோனைப் பிரித்தார்கள். அதில் இ, இசட் என்று இரண்டு வடிவங்கள். அது பித்த அமிலத்தை உணரும் எஃப்.எக்ஸ்.ஆர். ஏற்பியைத் தடுக்கிறது என்று 2002இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில் கெட்ட கொழுப்பு குறையவில்லை, கொஞ்சம் ஏறியது, சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ஆய்வு செய்கிறவருக்கு இந்த முரண்பாடு நல்ல தீனி, அதை மறுக்கவில்லை.

ஆனால் கையில் சரக்கு வேண்டுமே! நான் குக்குலுவை விட்டதற்கு முதற்காரணம் இதுதான். மரம் பிசின் எடுக்கிற அளவுக்கு வளரவே எட்டு, பத்து ஆண்டு ஆகும். பட்டையைக் கீறிக் கிடைப்பது ஒரு பருவத்துக்குச் சில நூறு கிராம், பேராசைப்பட்டு ஆழமாகக் கீறினால் மரமே செத்துப்போகும். ராஜஸ்தானிலும் கட்ச்சிலும் அப்படித்தான் அழிந்தது, இன்று அது மிகவும் அருகிவிட்ட இனம். சரி, கடையில் வாங்கலாம் என்றால் மண், பட்டைத்தூள், வேறு மரத்துப் பிசின் எல்லாம் கலந்து வருகிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று கேட்டால் சால மரத்துப் பிசினும் கைக்கு வரும். நான் வாங்கிய மூன்று பொட்டலத்தையும் எத்தில் அசிடேட்டில் கரைத்து, கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் ஓட்டினேன். மூன்றும் மூன்று மாதிரி. எந்த மரத்துப் பிசின் என்று தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எதை எழுதுவது?

தும்பாவில் அந்தத் தொல்லை இல்லை. ஜூலை மழைக்குப் பிறகு மணல்மேட்டில் படர்ந்து, குளிர் தொடங்கும்போது மஞ்சள் காய்கள் ஆரஞ்சுப்பழம் மாதிரி உருண்டு கிடக்கும். கொடியோடு பிடுங்கி ஹெர்பேரியத் தாளில், அதாவது உலர்ந்த செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் தாளில், ஒட்டலாம், எண் போடலாம், அடுத்த ஆண்டு அதே மேட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

இந்தத் திரும்பிப் போக முடிவதுதான் என் ஆய்வையே காப்பாற்றியது. முதல் பருவத்தில் காய்களை வெட்டி நிழலில் பரப்பி மெதுவாக உலர்த்தினேன். வேண்டியிருந்தது காயின் கசப்புப் பொருளான குகர்பிட்டாசின் இ-யின் கிளைக்கோசைடு, அதாவது சர்க்கரை ஒட்டிய வடிவம். தகட்டில் அது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. காயை வெட்டியதும் அதிலிருக்கும் நொதியே சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது. அப்புறம் எஸ்டரேஸ் என்ற இன்னொரு நொதி வேறு அசிட்டைல் தொகுதியைப் பிய்க்கும். நான் நிழலில் உலர்த்திய அத்தனை நாளும் அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது. குக்குலுவில் இப்படி ஒரு பருவம் வீணானால் மரத்தை மறுபடியும் கீற மனசு வராது. இங்கே அடுத்த நவம்பரில் அதே மேட்டில் காய் பறித்து, வெட்டிய கையோடு கொதிக்கும் எத்தனாலில் போட்டேன், புள்ளி வந்தது. ஃபெரிக் குளோரைடு தெளித்தால் குகர்பிட்டாசின் வகைகளில் இ, ஐ இரண்டும் நிறம் காட்டும், பி, டி காட்டாது. மூலக்கூறின் ஏ வளையத்தில் டையோஸ்ஃபீனால் என்ற அமைப்பு இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செயல்பாட்டிலும் தும்பா சளைத்ததல்ல. குகர்பிட்டாசின் இ செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகளைப் பிடித்து இறுக்குகிறது, குகர்பிட்டாசின் ஐ செல் பெருக உதவும் ஸ்டாட்3 என்ற சமிக்ஞை வழியைத் தடுக்கிறது. ஈரானில் 50 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த சோதனையில், பழத்தூள் 100 மில்லிகிராம் தினம் மூன்று வேளை இரண்டு மாதம் கொடுத்ததில், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி குறைந்தது. ஆனால் 50 பேர் சின்ன எண்ணிக்கை. நான் செய்ததும் செல் அளவில் மட்டுமே, அதில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்ற அதே அளவு சாதாரணச் செல்லையும் கொன்றது. விலங்கில் எப்படி என்று என் அனுபவத்திலிருந்து பேச முடியாது. பேதி மருந்தாகக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுப் பெருங்குடல் புண்ணாகி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. வீட்டில் யாரும் கஷாயம் போட வேண்டாம்.

இன்னொரு விஷயம், காய்ந்த பழத்தை உடைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கும், கையால் பிசைந்தால் தூள் பறக்கும். ஒருமுறை கவசமில்லாமல் உடைத்துவிட்டு ராத்திரி சாப்பிட்ட ரொட்டி, தயிர், மறுநாள் காலை டீ எல்லாமே கசந்தது. போகிறவர்கள் நவம்பர் கடைசியில் போங்கள், எத்தனாலையும் மூடி இறுகும் கண்ணாடிப் புட்டிகளையும் ஜீப்பிலேயே எடுத்துப் போங்கள், அடுப்புக்கு ஒரு பாதுகாப்பான இடம் பார்த்துவிட்டு அப்புறம் காயில் கத்தியை வையுங்கள்.