கல்லீரல் கட்டிக்கு ரத்தத்தை அடைக்கும் சிகிச்சை: மருந்தோடா, மருந்தில்லாமலா, கதிர்வீச்சோடா?

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் முக்கால் பங்கை குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. மீதிதான் தமனி வழியாக வருவது. புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. அதனால் தொடையிலோ மணிக்கட்டிலோ கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் அடைக்க முடிகிறது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லாதவர்களுக்கு இது நோயைத் தள்ளிப்போடும் வைத்தியம். கட்டி அடியோடு போய்விடும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

அதிகம் செய்யப்படுவது டேஸ் (TACE), அதாவது கீமோ மருந்தோடு அடைக்கும் முறை. டாக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்தை லிப்பியோடால் எண்ணெயில் கலந்து செலுத்திவிட்டு, அப்புறம் ரத்தக்குழாயை அடைப்பார்கள். 2002இல் பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் இரண்டும், கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இதனால் ஆயுள் கூடியதைக் காட்டின. சரி, ஆயுளைக் கூட்டியது மருந்தா, அடைப்பா? 2016இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், ரத்தக்குழாயை அடைக்கும் நுண்ணிய மணிகளில் டாக்சோரூபிசின் ஏற்றிய மணிகளையும் வெறும் மணிகளையும் ஒப்பிட்டார்கள். கட்டி சுருங்கியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வெறும் அடைப்பை இரண்டாந்தரமாகப் பார்ப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். மருந்து ஏற்றிய மணிகளுக்கு வேறொரு நன்மை உண்டு: மருந்து மெல்லக் கசிவதால், எண்ணெய் முறையைவிட முடி உதிர்வு போன்ற தொல்லைகள் குறைவு.

எந்த அடைப்பானாலும் அடுத்த சில நாட்கள் வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், குமட்டல் வரலாம். கட்டி சாவதால் வருவது இது, பெரும்பாலும் தானாக அடங்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டில் பாதி பயம் குறையும்.

மூன்றாவது வழியான கதிர்வீச்சு மணிகளில் இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதன் அரைஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 64 மணி. ரத்தக்குழாயை அவ்வளவாக அடைக்காததால் வலியும் காய்ச்சலும் குறைவு, போர்ட்டல் சிரையில் கட்டி புகுந்திருந்தாலும் யோசிக்கலாம். ஆனால் மணிகள் நுரையீரலுக்கு நழுவுமா என்று பார்க்க, முதலில் ஒரு தனி ஒத்திகை ஆஞ்சியோ செய்தாக வேண்டும். செலவும் அதிகம்.

மூன்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது மீதிக் கல்லீரலின் பலத்தை. பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) ஏறி, வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்கு எந்த அடைப்பும் ஆபத்தாக முடியலாம். பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்களுக்குக் கல்லீரலில் சீழ்கட்டும் வாய்ப்பு அதிகம்.