‘நீங்கள் ஏற்கெனவே தேர்வாகிவிட்டீர்கள்’ என்ற கிரெடிட் கார்டு செய்தியை நம்பி 14,160 ரூபாய் இழந்தேன்

நேற்று மாலை, கார்டு வாங்கித் தருவதாகச் சொன்ன செயலியிலிருந்து ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் செய்தி வந்தது. நான் கட்டிய 14,160 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது என்பதே அதன் பொருள். தவணை தவறி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் கெட்டு, அதை மெல்ல மெல்லச் சீராக்கிக்கொண்டிருப்பவர்கள் என்னைப் போல் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன். நுகர்வோர் உதவி எண்ணில் கொடுத்த புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பல வங்கிகளின் கார்டுகளையும் கடன்களையும் ஒரே இடத்தில் காட்டி, மதிப்பெண்ணை இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழைக்கும் செயலிகளில் அதுவும் ஒன்று.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தையற்கடை வைத்திருக்கிறேன். இயந்திரங்கள் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 80,000 ரூபாய் கடன் எடுத்திருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, எல்லைச் சோதனைச் சாவடிகளும் அடைபட்டபோது, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த வேலை அடியோடு நின்றுபோனது. ரிசர்வ் வங்கி கொடுத்த தவணை அவகாசம் அந்த ஆகஸ்டு வரை காப்பாற்றியது. அதற்குப் பிறகு என்னால் கட்ட முடியவில்லை. 2022-இல் ஒரு தொகை பேசி, கட்டி, கணக்கை முடித்தேன். முழுவதும் அடைத்த கடன் ‘குளோஸ்டு’ என்றும், இப்படிக் குறைத்துப் பேசி முடித்த கடன் ‘செட்டில்டு’ என்றும் கடன் அறிக்கையில் பதிவாகும் என்பதும், இரண்டாவது சொல் பல ஆண்டுகள் நம்மைத் துரத்தும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு இரண்டு நகைக்கடன்களை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அடைத்தேன். மதிப்பெண் 694 வரை ஏறியது. ஓவர்லாக் இயந்திரத்துக்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கி மேலாளர், 20,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டு அதன் பேரில் ஒரு கார்டு வாங்கி, சிறிதாகச் செலவழித்து, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவந்தால் ஓராண்டில் நிலைமை மாறும் என்று பொறுமையாக விளக்கினார். பள்ளி திறப்புக்குச் சீருடை தைத்த கூலியில் அதற்கென்றே பணம் ஒதுக்கினேன். அந்தப் பணம்தான் போனது.

ஜூலை இரண்டாவது வாரம் செயலியில் ஒரு செய்தி வந்தது. 60,000 ரூபாய் வரம்புள்ள, ஆயுள் முழுதும் கட்டணமில்லாத கார்டுக்கு நான் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. ஐந்து ஆண்டுகளாக ‘உங்களுக்குத் தகுதி இல்லை’ என்ற பதிலையே கேட்டு வந்த எனக்கு, ‘தேர்வு’ என்ற சொல் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதை என் நிலையில் இருந்தவர்கள் அறிவார்கள். விவரம் அறிய ஒரு பொத்தானை அழுத்தினேன். மறுநாளே அவர்களுடைய முகவர் கடைக்கு வந்துவிட்டார்.

அவரை நான் நம்பிய இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கே வங்கிப் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நான் தமிழ்வழியில் படித்தவள். அந்தத் தம்பி இயந்திரத்துக்கு அருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கடன் அறிக்கையை ஒவ்வொரு வரியாக நம் ஊர்த் தமிழில் படித்துச் சொன்னார். நிதி நிறுவனத்தின் வசூல்காரர்கள் பேசிய பேச்சை நான் சொன்னபோது தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான், “அக்கா, கார்டு உங்களுக்கு ரெடியா இருக்குதுங்க. இந்த ‘செட்டில்டு’ன்னு இருக்கிற ஒரு வார்த்தை மட்டும் குறுக்க நிக்குது. அதை நாங்களே எடுத்துக் குடுத்துருவோம். கார்டு வரலைன்னா முழுப் பணமும் திரும்ப வந்துருமுங்க” என்றார். அதற்கான திட்டத்தின் கட்டணம் 12,000 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2,160 ரூபாய், ஆக 14,160 ரூபாய். அங்கேயே கூகுள் பே வழியாகக் கட்டினேன். அடையாளச் சரிபார்ப்பு என்று சொல்லி என் கைப்பேசியை அவரே வாங்கிவைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வந்த ஐந்து ஓ.டி.பி. எண்களையும் அவரே உள்ளிட்டார். அந்தச் செய்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு வங்கி என் விண்ணப்பத்தை நிராகரித்ததாகச் செய்தி வந்தது. அடுத்த சில நாட்களில் மற்ற நான்கு வங்கிகளும் அதையே தெரிவித்தன. அந்த ஐந்து ஓ.டி.பி.யும் ஐந்து வங்கிகளுக்கு என் பெயரில் போன ஐந்து விண்ணப்பங்களுக்கான சம்மதம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த வங்கி என் அறிக்கையைக் கேட்டுப் பெற்றிருக்கிறது. ஒவ்வொன்றும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் கடன் கேட்டவள் என்ற தோற்றத்தோடு என் மதிப்பெண் 661-க்கு இறங்கிவிட்டது. ‘செட்டில்டு’ என்ற சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முகவரை அழைத்தேன். முதல் முறை, “ஒரு வாரம் பொறுங்கக்கா, சிஸ்டத்துல அப்டேட் ஆகலைங்க” என்றார். இரண்டாம் முறை, தான் இப்போது அந்த நிறுவனத்திலேயே இல்லை என்றார். மூன்றாம் முறையிலிருந்து அழைப்பை எடுக்கவே இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஆங்கிலம், இந்தி, மலையாளம் மட்டுமே உண்டு. தெரிந்த மலையாளத்தில் நான் கேட்டபோது, கட்டணம் கார்டுக்கானது அல்ல, ஆலோசனைக்கானது என்றும், ஆலோசனை அமர்வு நேரில் வழங்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னார்கள். என் கடையில் என் முக்காலியில் உட்கார்ந்து என் கதையைக் கேட்ட அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் 14,160 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மின்னஞ்சலில் வந்த ரசீதின் அடியில் ‘திரும்பப் பெற இயலாது’ என்று இருந்ததை எடுத்துக்காட்டினார்கள். முகவர் வாயால் கொடுத்த வாக்குறுதிக்கு நிறுவனம் பொறுப்பாகாதாம். நேற்று அந்தப் புகாரையும் மூடிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு மேலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முன்கூட்டியே தேர்வு என்பது அனுமதி அன்று. மதிப்பெண் இந்த அளவுக்கு மேல், இப்போது நிலுவை இல்லை, இந்த அஞ்சல் குறியீடு என்று சில அளவுகோல்களை வைத்து வடிகட்டிய பட்டியலில் நம் பெயர் இருக்கிறது என்பது மட்டுமே. விண்ணப்பித்த பிறகுதான் வங்கி முழு அறிக்கையையும் வருமானத்தையும் பார்க்கும். அப்போது மறுக்க அதற்கு உரிமை உண்டு. என் விஷயத்தில் எந்த வங்கியும் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. இலவசமாக மதிப்பெண் பார்க்க நான் கொடுத்த சம்மதத்தைக் கொண்டு, கார்டுக்கு ஏங்கும் ஆள் இவள் என்று அந்தச் செயலியே கண்டுகொண்டிருக்கிறது.

ஆகவே, மதிப்பெண்ணைச் சரிசெய்து தருகிறோம் என்று யார் கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள். அறிக்கையில் தவறு இருந்தால் சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்களிடம் நாமே கட்டணமின்றி முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ‘செட்டில்டு’ என்பது உண்மையான பதிவாக இருந்தால், மீதித் தொகையைக் கட்டி, கடன் கொடுத்தவரிடமே நிலுவையில்லை என்ற சான்று வாங்கி, அவர் மூலமாகத்தான் மாற்ற முடியும். இடையில் எவராலும் முடியாது. கைப்பேசியைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள். கார்டு விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகளில் இருக்கிறது; கேட்டு வாங்குங்கள். இன்னும் விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை பாலக்காடு சென்று நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கிறேன். ரசீதையும், ஐந்து ஓ.டி.பி. செய்திகளையும், மதிப்பெண் இறங்கிய அறிக்கையையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர் பக்கம் யாரிடமேனும் இதே திட்டத்துக்கு இதே 14,160 ரூபாயை வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே மனுக் கொடுப்போம்.