எச்எம்டி வழியா, டைட்டன் வழியா: டிசைனரை எப்போது கூப்பிடுவது?

அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்ச் இன்னும் ஓடுகிறது. தினமும் காலையில் காபிக்கு முன் அதற்குச் சாவி கொடுப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகு கரகரவென்று சுற்றும், இறுகியதும் நிறுத்திவிடுவார். வெள்ளை டயல், மெல்லிய முட்கள், வேண்டாத கோடு ஒன்றுகூடக் கிடையாது.

அதனால்தான் எச்எம்டிக்கு டிசைன் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எச்எம்டிக்கும் டைட்டனுக்கும் உள்ள வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த பொதுத்துறை நிறுவனம் அது. உழைக்கும் கடிகாரத்தை நம் நாட்டிலேயே நிறையச் செய்ய வேண்டும் என்பது அன்றைய தேவை. வாங்க ஆள் காத்திருக்கும்போது, தோற்றத்தை ஒரு வியாபாரக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வரவில்லை.

டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனுக்கு அந்த வசதி இல்லை. ஓசூரில் ஆலை, தலைமையில் ஜெர்க்ஸஸ் தேசாய். அவர்கள் சாவி கொடுக்க வேண்டாத, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸை நம்பி இறங்கினார்கள். குவார்ட்ஸ் வந்தபின் மலிவான கடிகாரமும் சரியான நேரம் காட்டும். அப்புறம் எதைச் சொல்லி விற்பது? தோற்றத்தைச் சொல்லித்தான். பரிசாகக் கொடுக்க ஒன்று, புடவைக்குப் பொருத்தமாக ஒன்று என்று சந்தையே விரிந்தது. பெண்களுக்கான ராகா 1992-இல் நகைபோல வந்தது.

இதன் உச்சம் 2002-இல் வந்த எட்ஜ் கடிகாரம். மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் இயக்கமுறை வெறும் 1.15 மில்லிமீட்டர். பற்சக்கரம், மோட்டார் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மணிக்கட்டில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிசாக இருக்க வேண்டும் என்பது ஆசை. அந்த ஆசை முதலில் வந்தது, பொறியாளர்கள் அதற்காக மாய்ந்து மாய்ந்து வேலை செய்தார்கள்.

இந்த வழியிலும் அடி விழும். 1990-களில் ஐரோப்பாவுக்குப் போன டைட்டன் நஷ்டப்பட்டது. எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்ததற்கும் டிசைனை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. குவார்ட்ஸ் மாற்றத்தைத் தவறவிட்டதும் திறந்த சந்தையின் போட்டியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: வெளியாளைக் கூப்பிட்டு இரண்டு நாள் டிசைன் திங்கிங், அதாவது டிசைனர் மாதிரி யோசிக்கப் பழக்கும் பயிலரங்கு நடத்துவது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினோம். விலையும் அம்சங்களும் போன மாதமே முடிவாகிவிட்டிருந்தன. பெட்டியின் நிறம் மட்டும் மாறியது.

சிறு தொழில் தொடங்குபவர் என்னைக் கேட்டால் டிசைனை முதலிலேயே யோசிக்கும் டைட்டன் வழியைத்தான் சொல்வேன். முழுநேர டிசைனருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படி ஆகாவிட்டால் பரவாயில்லை. மெஷினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் பொருளை வாங்கப்போகிறவர் வீட்டுக்கு ஒரு டிசைனரைக் கூட்டிக்கொண்டு போய் நாலு மணி நேரம் உட்காருங்கள்.