சீ.ரி. ஸ்கான் கோப்புகளை மாற்றிச் சேமிப்பதற்கு பி.என்.ஜி.யா, டிஃப்பா?

யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பயிலும் மாணவர் சிலருக்காக, நோயாளரின் சம்மதத்துடன் பெற்ற சீ.ரி. ஸ்கான்களைக் கற்பதற்கேற்ற படத்தொகுப்பாக மாற்றித் தரும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. ஸ்கான் நிலையங்கள் இறுவட்டில் பதிந்து தருபவை டைகொம் என்னும் மருத்துவப் பட வடிவிலான கோப்புகள். அவற்றைத் திறப்பதற்குத் தனி மென்பொருள் வேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டைச் செருகவே இடமில்லை. தரம் குன்றாத படக்கோப்பு வடிவங்களில் எளிதாகக் கைக்கெட்டுபவை பி.என்.ஜி.யும் டிஃப்பும் ஆகும். இரண்டிலும் மாற்றிப் பார்த்தபின் நான் டிஃப்பையே தெரிவுசெய்தேன். வழக்கமான ஜேபெக்கில் இழந்த விவரம் மீளாது என்பது யாவரும் அறிந்ததாகையால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சுருக்கும் முறையைப் பொறுத்தவரை இரண்டிலும் இழப்பில்லை; இழப்பு நேர்வது அதற்கு முந்திய படியில்தான். சீ.ரி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும், திசுவின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்பீல்ட் அளவையில் ஓர் எண்ணைக் குறிக்கிறது. நீர் 0, காற்று −1000; அடர்ந்த எலும்பு 1000ஐயும் தாண்டும். இந்த வீச்சைக் கொள்வதற்கு வழமையாக 12 பிட், அதாவது 4096 படிகள் ஒதுக்கப்படுகின்றன. சாதாரண படத்திலோ 8 பிட், 256 படிகளே உள்ளன. மாற்றித் தரும் மென்பொருட்கள் பல, நம்மைக் கேளாமலே ஏதாவதொரு சாளரத்தை, அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டவேண்டிய எண் வீச்சை, வைத்து 8 பிட்டாகக் குறுக்கிவிடுகின்றன. மையம் 40, அகலம் 400 என்ற மென்திசுச் சாளரத்தில் −160க்குக் கீழுள்ளவை யாவும் ஒரே கறுப்பாகவும் 240க்கு மேலுள்ளவை யாவும் ஒரே வெள்ளையாகவும் ஆகிவிடும். காற்று நிறைந்த நுரையீரல் −800ஐ அண்டி நிற்பதால், நெஞ்சறை ஸ்கானில் அதன் உள்ளமைப்பு முழுவதும் அந்தக் கறுப்பில் புதைந்துபோகும். அதன்பின் எந்த வடிவத்தில் சேமித்தாலும், ஒரு மாணவர் நுரையீரல் சாளரத்துக்கு மாற்றிப் பார்க்க விரும்பினால் அவருக்குக் காட்டுவதற்கு எதுவுமே எஞ்சியிராது. எனவே எதைத் தெரிவுசெய்தாலும் 16 பிட்டிலேயே சேமிக்க வேண்டும்.

1996இல் வெளிவந்த பி.என்.ஜி.யும் 16 பிட் சாம்பல்நிறப் படத்தை ஏற்கும். உலாவியிலும் கைபேசியிலும் தயக்கமின்றித் திறக்கும். ஆனால் அதில் எதிரெண்களுக்கு இடமில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் 1024ஐக் கூட்டிச் சேமித்து, பயன்படுத்துபவரிடம் அதைக் கழிக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சேமித்த படத்தைச் சாதாரண செயலியில் திறந்தால் திரை ஏறத்தாழ முழுவதும் கறுப்பாகவே இருக்கும். 65,535 வரை செல்லும் அளவையில் நம் எண்கள் 4095உடன் நின்றுவிடுவதே அதற்குக் காரணம். கோப்புப் பழுது என்று எண்ணி ஒருவர் ஒளியைக் கூட்டி மறுபடி சேமித்தால், அந்தச் செயலி சத்தமில்லாமல் 8 பிட்டுக்கு இறக்கிவிடக்கூடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக்காகவே போய்ச் சேரும். எங்கும் எளிதில் திறக்கும் வடிவம் என்பதே இந்த வேலையில் அதன் பலவீனமாகிவிடுகிறது.

1986இல் ஆல்டஸ் நிறுவனம் உருவாக்கிய டிஃப், 1992இன் 6.0 பதிப்பிலிருந்து எதிரெண்களையும் தாங்குகிறது. ஆகவே நீர் 0 ஆகவும் காற்று −1000 ஆகவும் உள்ளபடியே பதிவாகின்றன. பைதன் நிரல்மொழியில் பைடைகொம் நூலகத்தால் டைகொம் கோப்பை வாசித்து, பதிவான எண்களை ஹவுன்ஸ்பீல்ட் அளவைக்கு மாற்றுவதற்காக, கோப்பின் தலைப்பில் (தொடக்கத்திலுள்ள விவரப் பகுதியில்) தரப்பட்ட சரிவெண்ணால் பெருக்கி, வெட்டெண்ணைக் கூட்டி, 16 பிட் டிஃப்பாக எழுதினேன். அதை இமேஜ்ஜே மென்பொருளில் திறந்து ஈரலின் மீது சுட்டியை வைத்தால் 50, 60 என்று எண் வருகிறது. பித்தப்பைக்கு நகர்த்தினால் அது 10ஐ அண்டி இறங்குகிறது. திசுவுக்குத் திசு அடர்த்தி எப்படி வேறுபடுகிறது என்பதை மாணவர் தம் கையாலேயே அளந்து அறிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு ஸ்கானின் 300 குறுக்குவெட்டுப் படங்களும் ஒரே கோப்புக்குள் வரிசை குலையாமல் அடங்குவதும் பெரிய ஆறுதல். பி.என்.ஜி.யில் அவை 300 தனிக் கோப்புகளாகும். பெயரில் 002, 010 என்று பூச்சியம் இடாவிட்டால் சில மென்பொருட்களில் பத்தாவது வெட்டு இரண்டாவதற்கு முன்னால் வந்து நிற்கும்.

கோப்பின் அளவில் பி.என்.ஜி. முந்துகிறது. 512க்கு 512 புள்ளிகள் கொண்ட 16 பிட் வெட்டு ஒன்று அரை மெகாபைட், 300 வெட்டுகள் 150 மெகாபைட். அயற்புள்ளிகளின் வேறுபாட்டைக் கொண்டு சுருக்கும் உத்தி பி.என்.ஜி.யில் உள்ளமைந்தது, டிஃப்பில் அதை நாமே தெரிவுசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு எல்.இசட்.டபிள்யூ. சுருக்கத்தை மட்டும் இட்டால் கோப்பு மூலத்தைவிடப் பெருத்துவிடவும் கூடும். பல கைபேசிகளில் டிஃப் திறக்காது என்பதும் உண்மையே. விரிவுரைத் திரைக்கு மட்டும், டிஃப்பிலிருந்து வேண்டிய சாளரத்தில் 8 பிட் பி.என்.ஜி. எடுத்துக்கொள்கிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே ஹவுன்ஸ்பீல்ட் போன்ற நிலையான அளவை இல்லாததால், எதிரெண் பற்றிய என் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. 16 பிட் பி.என்.ஜி.யே போதுமாகலாம்.

புள்ளிகளின் எண்களை மட்டும் எடுத்து எழுதினால், எந்த வடிவமாயினும் டைகொம் தலைப்பிலுள்ள நோயாளரின் பெயரும் பிறந்த திகதியும் படத்துடன் வருவதில்லை. கற்பித்தலுக்கு அது நன்மையே. ஆயினும் அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் பெரும்பாலும் படத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தனியாக மறைக்க வேண்டும். புள்ளி இடைவெளியும் வெட்டின் தடிப்பும் கூடவே நீங்கிவிடுவதால், அவற்றை டிஃப்பின் விவரணப் பகுதியில் மில்லிமீற்றரில் எழுதி வைக்கிறேன். இல்லையேல் ஒரு கட்டியின் விட்டத்தைக்கூட அளக்க முடியாது. கொழும்பில் இரண்டாவது கருத்துக் கேட்கச் செல்பவர்கள் இவ்வாறு மாற்றிய படங்களை ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. வைத்தியரிடம் மூல இறுவட்டையே கொடுக்க வேண்டும்.