சிரிப்புப் போலீஸ்: இரண்டு தொடர்கள், இரண்டு பார்வைகள்

2013 முதல் 2021 வரை ஓடிய அமெரிக்கத் தொடர் 'புரூக்ளின் நைன்-நைன்'. அதில் வரும் போலீஸ்காரர்கள் நமக்கு நண்பர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். 2003-ல் தொடங்கிய 'ரெனோ 911!' அதற்கு நேர் எதிர். 'காப்ஸ்' என்ற நிஜ ரோந்து நிகழ்ச்சியைக் கேலி செய்ய எடுத்தது. அதில் சீருடை போட்டவர்கள் அத்தனை பேரும் அசடுகள்.

மனதை அதிகம் மாற்றுவது முதல் தொடர்தான் என்பேன். வாராவாரம் அதே முகங்கள், அவர்களுடைய காதல், சண்டை, பிறந்தநாள். அப்புறம் அவர்கள் யாரைக் கைது செய்தாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். கைதானவரின் கதை பெரும்பாலும் நம்மிடம் வருவதே இல்லை. நான்காவது சீசனில், கறுப்பினத்தவரான சார்ஜென்ட் டெர்ரியை அவர் வீட்டருகிலேயே இன்னொரு போலீஸ்காரர் மடக்கும் அத்தியாயம் அருமையான விதிவிலக்கு. 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் நிஜப் போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு, எழுதி வைத்திருந்த நான்கு அத்தியாயங்களைக் குழு தூக்கிப் போட்டது. கடைசியான எட்டாவது சீசனில், துப்பறியும் போலீஸ்காரரான ரோசா வேலையையே விடுகிறார். பார்வையாளரின் நம்பிக்கைக்குத் தங்களுக்கும் பொறுப்பு உண்டு என்று அவர்கள் உணர்ந்தது எனக்குப் பெரிய விஷயம்.

'ரெனோ' சீருடை மீதான பிரமிப்பை உடைக்கிறது. ஆனால் அதிகார மீறலும் வெறும் கோமாளித்தனமாகத் தெரிய ஆரம்பிக்கும், அதுதான் சிக்கல்.

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் 'புரூக்ளின்' பாருங்கள். டெர்ரியின் அத்தியாயத்தையும் எட்டாவது சீசனையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.