சொந்தச் செலவில் நூல் போடப் போகிறவர்களே, கையெழுத்துக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊர் வரலாறு, தொழில் அனுபவம், வேளாண்மை, நாட்டு மருத்துவம் என்று பல வருடம் தகவல் சேர்த்து ஒரு நூலை எழுதி முடித்துவிட்டு, போடப் பதிப்பகம் கிடைக்காமல் சொந்தப் பணத்தில் வெளியிட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘பிரதியை அனுப்புங்கள், மூன்றே வாரத்தில் நூல் உங்கள் கையில்’ என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒரு சுயபதிப்பு நிறுவனத்திடம் 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரை இப்போது சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் பணம் வாங்கிய விதத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். வேறு பெயரில் வேறு ஒருவர் உங்களை அழைத்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

என் நூல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றியது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்வார்களே, அந்த ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயில் தொடங்கி, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட சின்னச் சின்ன ஊருணிகள் வரை எழுதியிருந்தேன். எந்த மடையை யார் திறந்தார்கள், தண்ணீர்ப் பங்கு எப்படிப் பிரித்தார்கள், ஊர்மக்களே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வந்த காலம் எப்படி இருந்தது என்று பெரியவர்கள் சொன்னதைப் பதிவு செய்து எழுதியது. அதில் பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது, எந்த ஊர், எந்த ஆவணம் என்று அடிக்குறிப்பு உண்டு. இப்படிப்பட்ட நூலுக்கு அடிக்குறிப்புதான் உயிர்.

பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிய மறுநாளே போன் வந்துவிட்டது. “மேடம், எங்க எடிட்டோரியல் டீம் படிச்சாச்சு. இந்த மாதிரி புக் தமிழ்ல வந்ததே இல்ல. செலக்ட் ஆயிருக்கு” என்றார் ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்டவர். நூலில் எந்த அத்தியாயம் பிடித்திருந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவர்கள் அனுப்பிய படிவத்தில் என் நூலின் வகை ‘தன்னம்பிக்கை’ என்று இருந்தது. எல்லோருக்கும் இதே வாசகம்தான் போகிறது என்பது பிறகு தெரிந்தது. அதே நிறுவனத்தில் சமையல் குறிப்பு நூல் போட்ட என் தோழிக்கும் “தமிழ்ல வந்ததே இல்ல” என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து பேக்கேஜ். அதில் என்னென்ன இருந்தன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனதே அங்கேதான். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு, அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அடையாள எண்ணுக்கு, 3,000 ரூபாய் போட்டிருந்தார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் நூலாசிரியரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் எதுவும் கிடையாது. நிறுவனம் வாங்கித் தரும் எண்ணில் பதிப்பாளர் என்று அவர்கள் பெயர்தான் இருக்கும். நாளை நீங்கள் வெளியே வந்து மறுபதிப்பு போட்டால் புது எண் வாங்க வேண்டும்.

‘காப்புரிமைப் பாதுகாப்பு’ என்று இன்னொரு 5,000 ரூபாய். எழுதிய நிமிடமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லவில்லை. ஆதாரமாக இருக்கட்டும் என்று பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். அப்புறம் மின்னூல் பதிவேற்றம், 4,000 ரூபாய். கிண்டிலில் தமிழ் மின்னூலை நாமே பதிவேற்றலாம், அதற்கும் கட்டணம் இல்லை. வேலை தெரிந்த ஒருவர் நம் நேரத்தை மிச்சப்படுத்திக் கூலி வாங்குவது வேறு. இலவசமாகக் கிடைப்பதை அரசுக் கட்டணம் போலக் காட்டி வாங்குவது வேறு. என்னிடம் நடந்தது இரண்டாவது.

இனி மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது. நான் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்து, அடிக்குறிப்புகளை முறையாகச் சேர்த்து அனுப்பியிருந்தேன். அவர்கள் ஆள் அதை வேறு எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டியிருக்கிறார். மாற்றும்போது அடிக்குறிப்புகள் அத்தனையும் காணாமல் போய்விட்டன. வரிகளின் மேலே இருந்த சின்ன எண்கள் மட்டும் சாதாரண எண்ணாக இறங்கி வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டன. ‘மடை திறந்தவர் இவர்தான்17 என்று’ என்பது ‘மடை திறந்தவர் இவர்தான் 17 என்று’ என்று அச்சாகியிருக்கிறது. படிப்பவருக்கு அது என்ன பதினேழு என்று எப்படித் தெரியும்? ‘கலுங்கு’ (கண்மாயில் மிகுந்த நீர் வெளியேறும் இடம்) என்று நான் எழுதிய இடமெல்லாம் ‘கலங்கு’ ஆகிவிட்டது. யாரோ ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார். கண்மாய் வரைபடங்களில் வரத்துக் கால்வாய் எது, கரை எது என்றே தெரியாமல் எல்லாம் சாம்பல் நிறத் திட்டாகிவிட்டன. கோட்டுப்படத்தைப் புகைப்படம் மாதிரி குறைந்த தரத்தில் போட்டால் அப்படித்தான் வரும்.

திருத்தம் அனுப்பினேன். “பேக்கேஜ்ல ஒரு ரவுண்ட் கரெக்‌ஷன்தான் மேடம், அதுவும் 50 திருத்தம் வரைக்கும். அதுக்கு மேல ஒரு பக்கத்துக்கு இவ்வளவுன்னு சார்ஜ்” என்றார்கள். தொலைந்தது அவர்கள் கையில். அதைச் சேர்ப்பதற்குக் கட்டணம் என்னிடம். கதைப் புத்தகத்தில் இப்படி நடந்தால் சில பிழைகளோடு போய்விடும். தகவல் நூலில் சான்று போய்விட்டால் எழுதியவர் தானாகக் கற்பனை செய்து எழுதிவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். எனக்கு நேரம் கொடுத்துப் பேசிய பெரியவர்களின் பெயர் நூலில் எங்குமே இல்லாமல் போனதை இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

விலை நிர்ணயமும் என் கையில் இல்லை. 208 பக்கம், டெம்மி அளவு. அதற்கு 500 ரூபாய் விலை போட்டார்கள். எங்கள் பகுதியில் இந்தப் பக்க எண்ணிக்கைக்கு 250 ரூபாய்க்கு மேல் போனால் ஆசையாக எடுத்துப் பார்த்தவரும் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் இவ்வளவு என்று கேட்டால், “உங்களுக்கு நூறு சதவீத ராயல்டி கொடுக்குறோமே மேடம்” என்கிறார்கள்.

அந்த நூறு சதவீதக் கணக்கைப் பாருங்கள். 500 ரூபாயில் இணையக் கடைக்குக் கழிவு 250. அச்சுச் செலவு என்று 190. கையாளும் கட்டணம் 35. மீதி 25 ரூபாய். அந்த 25 ரூபாயில்தான் நூறு சதவீதம் எனக்கு. வழக்கமான பதிப்பகம் விலையில் பத்து சதவீதம் ராயல்டி கொடுத்தால் அதே நூலுக்கு 50 ரூபாய் வந்திருக்கும், என் பணம் ஒரு பைசா போயிருக்காது. நூலாசிரியர் பிரதிகளும் இப்படித்தான். பேக்கேஜில் 20 பிரதி வந்தது. அதற்கு மேல் வேண்டுமானால் முப்பது சதவீதத் தள்ளுபடியில், அதாவது 350 ரூபாய்க்கு, என் நூலை நானே வாங்க வேண்டும். மதுரையில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் இதே பக்கம், இதே தாள், 300 பிரதி என்று விலை கேட்டேன். ஒரு பிரதி 120 ரூபாய்க்குள் முடியும் என்றார்.

இதிலிருந்துதான் அவர்கள் தொழிலே எனக்குப் புரிந்தது. வாசகரிடம் விற்று வரும் பணம் அவர்களுக்குத் தேவையே இல்லை. எழுதுகிறவர் கட்டும் பணத்திலேயே லாபம் முடிந்துவிடுகிறது. விற்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள், மதிப்புரைக்குக் கொடுக்க மாட்டார்கள், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அடுக்கவும் மாட்டார்கள். ‘உலகம் முழுக்க விநியோகம்’ என்றால் இணையக் கடையில் ஒரு பக்கம் திறந்து வைப்பது, அவ்வளவுதான்.

விற்றதற்காவது ஒழுங்காகக் கணக்கு வந்ததா என்றால் அதுவும் இல்லை. என் தம்பி, கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள், சிவகங்கையில் இருக்கும் என் சித்தப்பா எல்லோரும் இணையத்தில் வாங்கினார்கள். நூல் வந்தது, பில் இருக்கிறது, ஆர்டர் எண் இருக்கிறது. நிறுவனம் எனக்குக் கொடுத்த கணக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துக்கு விற்பனை பூஜ்யம். பில்களின் படத்தை அனுப்பிக் கேட்டதும், “மூணு மாசம் கழிச்சுத்தான் அப்டேட் ஆகும்” என்றார்கள். மூன்று மாதம் போன பிறகு அதில் சில மட்டும் ஏறின. மற்றவை எங்கே என்று கேட்டால் ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுவிட்டார் என்று புது ஆள் பேசுகிறார், முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். உங்கள் நூல் இப்படி ஒரு இடத்தில் இருந்தால் தெரிந்தவர்கள் வாங்கும் ஒவ்வொரு பில்லையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். என் நோட்டீஸுக்குக் கனமான ஆதாரம் அதுதான்.

ஒப்பந்தம் பணம் கட்டிய பிறகுதான் வந்தது. முன்னால் கேட்டபோது, “அது ஃபார்மாலிட்டி மேடம், ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்” என்றார்கள். ‘பதிப்புரிமை நூலாசிரியருக்கே’ என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆறாவது பக்கத்தில், அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை வடிவம் எல்லாவற்றிலும் உலக அளவில், பதிப்புரிமைக் காலம் முழுவதும் அவர்களுக்கு மட்டுமே உரிமை என்று இருக்கிறது. நம் நாட்டில் அந்தக் காலம் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. விலக வேண்டுமானால் ‘வெளியேறும் கட்டணம்’ 15,000. பக்கம் கட்டிய கோப்பும் அட்டைக் கோப்பும் அவர்கள் சொத்து.

சட்டம் நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. முன்பு சொன்ன பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் குறிப்பிட்டிருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், பகுதி சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அந்த ‘வேறு மாதிரி’ வாசகம் உங்கள் தாளில் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். என் தாளில் இருந்தது.

நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் உத்தரவு, பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் எழுதுகிறவர்களை இதைக் காட்டித்தான் அதிகம் இழுக்கிறார்கள். ‘நூலக ஆணை உறுதி’ என்று சொல்லித் தனியாக 6,000 கேட்டார்கள். அரசு நூலகத்துறை விண்ணப்பம் கேட்கும்போது நூலை அனுப்பலாம், தேர்வு அவர்கள் கையில். ஆணை உறுதி என்று எந்தத் தனியாரும் சொல்ல முடியாது. உண்மையில் அவர்கள் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலை இருந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற நூலகங்களுக்கும் கொடுக்க வேண்டும். என் நூல் கன்னிமாராவுக்குப் போகவே இல்லை. கண்மாய் பற்றிய நூல் நாளை யாரோ ஒரு மாணவர் தேடி வரும்போது அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நான் எழுதியதற்கே காரணம்.

சொந்தப் பணம் போட்டு நூல் வெளியிடுவதில் தவறே இல்லை. சின்ன ஊர்களைப் பற்றிய நல்ல நூல்கள் பல அப்படி வந்தவைதான். செலவு இவ்வளவு, இதில் பாதி உங்களுடையது, இத்தனை பிரதி உங்களுக்கு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிச் செய்யும் சிறு பதிப்பகத்தார் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள். இல்லையென்றால் வேலைகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். மெய்ப்புக்கு அந்தப் பொருள் தெரிந்த ஒருவர், பக்கம் கட்ட ஒருங்குறியிலேயே வேலை செய்யும் ஒருவர், அட்டைக்கு ஒருவர், அப்புறம் அச்சகம். “டீச்சர், பிடிஎஃப் மட்டும் வாங்காதீங்க, ஓப்பன் ஃபைலையும் வாங்கி வச்சுக்குங்க. நாளைக்கு ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அதுதான் வேணும்” என்று மதுரை அண்ணன் சொன்னதை நூல் போடும் எல்லோருக்கும் சொல்கிறேன். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து, வரைபடம், படம், அடிக்குறிப்பு மூன்றையும் தாளில் பார்த்துவிடுங்கள். திரையில் தெளிவாகத் தெரிவது தாளில் தெரியாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாடலாம் என்று என் வக்கீல் எச்சரித்திருக்கிறார். அதனால் ஆசிரியர் வேலைதான் என் பிழைப்பு, நூல் விற்று வாழவில்லை என்பதைப் புகாரிலேயே எழுதியிருக்கிறோம்.

‘எடிட்டோரியல் டீம்’ அழைப்பு, பணத்துக்குப் பிறகு வரும் ஒப்பந்தம், ‘வெளியேறும் கட்டணம்’, இந்த மூன்றும் உங்களுக்கும் நடந்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தில் உரிமை பற்றிய பக்கத்தின் படமும், விற்பனைக் கணக்கும், வாங்கியவர்களின் பில்லும் போதும், மற்ற விவரங்களை மறைத்தே அனுப்பலாம். ஆணையத்தில் ஒரே மாதிரியான புகார்களாகச் சேர்த்துக் காட்ட முடியுமா என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.