யூரோராக் மாட்யூல்: ரெடிமேடா, கிட்டா?

யூரோராக் என்பது தனித்தனி மாட்யூல்களை ஒரே பெட்டியில் பொருத்திச் சேர்க்கும் சிந்தசைசர் முறை. ரெடிமேட் வாங்குபவர் அகலம் (எச்பி என்பது அதன் அலகு, 1 எச்பி = 5.08 மிமீ), ஆழம், ±12 வோல்ட்டில் இழுக்கும் மில்லியாம்ப் மூன்றும் பெட்டிக்குள் அடங்குமா என்று பார்த்தால் போதும்.

நாமே சால்டர் செய்து சேர்க்கும் கிட் மலிவுதான், ஆனால் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் செலவைச் சேர்த்தால் ஒரேயொரு மாட்யூலுக்குக் கட்டுப்படியாகாது. ரெசிஸ்டர் தொலைந்தால் கவலையில்லை, சிங்கப்பூரில் உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் இருக்கிறது. டயோடு, எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் திசைமாறுவதுதான் வழக்கமான பிழை. மின்சாரம் கொடுக்குமுன் இரண்டு 12 வோல்ட் தடங்களுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு −12 பக்கம். திருப்பிச் செருகினால், பாதுகாப்பு டயோடு இல்லாத ரெடிமேடும் புகையும்.

முதல் கிட்டுக்குப் பாசிவ் மல்ட் (ஒரு சிக்னலைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மாட்யூல்) நல்லது, மின்சாரமே வேண்டாம். ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டரை மட்டும் ரெடிமேடாக வாங்குங்கள்: சுருதி ஒரு ஆக்டேவ் ஏற 1 வோல்ட் என்று டியூன் செய்வதற்குள் பொறுமை போய்விடும்.